டிஸ்மல் என்றொரு கரிநாள்

கேள்வி: ‘டிஸ்மல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘இருண்ட, சோகமான’ என்று போட்டிருக்கிறது. பொருளாதாரத்தை ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்பது, மக்கள்தொகை உணவு உற்பத்தியை மிஞ்சிப் பஞ்சம் வரும் என்ற பொருளாதார அறிஞர் மால்தஸின் கணக்கால்தானே?

பதில்: அகராதியை மூடிவிட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். ராகு காலம், எமகண்டத்தோடு சில தாள்களில் ‘கரிநாள்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். டிஸ்மல் பிறந்ததும் அப்படிப்பட்ட ஒரு தாளில்தான். லத்தீனில் ‘தியேஸ் மாலி’ என்றால் கெட்ட நாள்கள். இடைக்கால ஐரோப்பாவின் நாள்காட்டிகள் மாதத்துக்கு இரண்டாக ஆண்டுக்கு 24 நாள்களை இப்படி ஒதுக்கி, ‘எகிப்திய நாள்கள்’ என்றும் அழைத்தன. ஜனவரியில் அவை 1, 25. அந்த நாள்களில் உடம்பிலிருந்து குருதி வடிக்கும் வைத்தியத்தைத் தவிர்த்தார்கள். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்த சொல்லின் மூலப்பொருள் விரைவிலேயே மறந்துபோனது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரே அதைப் பிரெஞ்சில் ‘பத்துத் தீமைகள்’ எனக் கொண்டு, பைபிள் சொல்லும் எகிப்தின் பத்து வாதைகளோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். பிறகு ‘டிஸ்மல் டே’ என்றார்கள். நாளை உள்ளே வைத்திருக்கும் சொல்லுக்கு இன்னொரு நாளை ஒட்டிய அது, நம் ‘நடு சென்டர்’ போன்றது. அப்படி ஒட்டி ஒட்டியே பெயர்ச்சொல் பெயரடையாகி, இருளையும் சோர்வையும் குறிக்கலாயிற்று.

மால்தஸ் கதையை நான் பலமுறை மறுத்திருக்கிறேன், இன்னும் ஓயவில்லை. அவருடைய கோட்பாட்டை எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 1839இல் ‘டிஸ்மல்’ என்று சாடியது உண்மை. ஆனால் ‘டிஸ்மல் சயின்ஸ்’ என்ற தொடரை அவர் எழுதியது 1849 டிசம்பரில், ‘ஃப்ரேசர்ஸ் மேகசின்’ இதழில். அந்தக் கட்டுரையின் பொருள் பஞ்சமோ மக்கள்தொகையோ அல்ல. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைக் கட்டாயப்படுத்தியாவது கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்க வேண்டும் என்பதே அவர் வாதம். தேவையும் அளிப்பும் கூலியைத் தீர்மானிக்கட்டும், மனிதர்களை அவர்கள் போக்கில் விடுங்கள் என்ற பொருளாதாரம் அதற்குக் குறுக்கே நின்றது. அதனால்தான் அந்தத் துறைக்கு இந்த வசைப்பெயர். அடுத்த மாதமே, அதே இதழில், பொருளாதார அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கார்லைலைக் கடுமையாக மறுத்து எழுதினார். மால்தஸ் கதையை வகுப்பில் சொல்லும் ஆசிரியர்கள் அந்த இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும்.