வாஷிங்டன் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

இங்கிலாந்துக் குடும்பப் பெயர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்திலிருந்து இன்றுவரை பேசலாம் என்று சொன்னதும், அதிகம் பேர் கேட்டது வாஷிங்டன். எனக்கும் மிகப் பிடித்த பெயர். எண்ணூறு ஆண்டுக்கும் மேலாக எழுத்துச் சான்று உள்ள பெயர். வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் சார். வாஷிங்டன் முதலில் ஊர்ப் பெயரா, ஆள் பெயரா?

வணக்கம் டீச்சர். முதலில் ஊர். வடகிழக்கு இங்கிலாந்தில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில் வாஷிங்டன் என்றே ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. பழைய டர்ஹம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1183இல் டர்ஹம் பிஷப் தன் நிலங்களுக்கெல்லாம் ஒரு கணக்கு எழுதவைத்தார். அதற்குப் போல்டன் புத்தகம் என்று பெயர். வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தன் ஹெர்ட்பர்ன் கிராமத்தை பிஷப்பிடம் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வெஸ்ஸிங்டனைப் பெற்றுக்கொண்டார் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும். பிஷப்பின் பெருவேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு போக வேண்டும். நிலம் மாறியது, அதோடு பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன்காரர் வெஸ்ஸிங்டன்காரர் ஆனார். வெஸ்ஸிங்டன், வாஸ்ஸிங்டன் என்று பல விதமாக எழுதப்பட்டு, கடைசியில் வாஷிங்டன் என்று நிலைத்தது.

கோவை, கல்லூரி மாணவர்: அண்ணா, நமக்கு அப்பா பெயர்தான் இனிஷியல். அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். அவர்களுக்கு மட்டும் ஒரே பெயர் எப்படி நிலைத்தது?

அவர்களுக்கும் ஆரம்பத்தில் நிலைக்கவில்லை தம்பி. ஒரே ஆளை ஊரை வைத்து ஒரு பெயரிலும், தொழிலை வைத்து இன்னொரு பெயரிலும் கூப்பிட்டிருக்கிறார்கள். 1066இல் நார்மன்கள் வந்த பிறகு, நிலம் வைத்திருந்தவர்கள் முதலில் பெயரைப் பரம்பரையாக்கினார்கள். நிலத்தின் மீது உரிமை கோர அது வசதி. வரி கட்டும் சாதாரண ஜனங்களிடம் அந்தப் பழக்கம் மெல்ல இறங்கி வந்தது. 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது வேரூன்றிவிட்டது. அப்புறம் 1538இல் ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏட்டில் ஏறிய பெயரை மாற்றுவது அதன் பிறகு கடினமாகிவிட்டது.

மதுரை வாசகர்: டர்ஹம் வடக்கில் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் தெற்கே ஒரு மாளிகையில் இருந்தார்கள் என்று படித்தேனே?

இரண்டும் சரி. மூத்த கிளையில் 1400ஐ ஒட்டி ஆண் வாரிசு இல்லாமல் போய், சொத்து மகள் வழியாக டெம்பெஸ்ட் என்ற குடும்பத்துக்குச் சென்றது. இளைய கிளை அதற்கு முன்பே மேற்கே நகர்ந்து, லங்காஷயரில் வார்ட்டன் என்ற கிராமத்தில் ஊன்றிவிட்டது. அந்த ஊர்த் தேவாலயத்தில் குடும்பச் சின்னம் செதுக்கிய கல் இருக்கிறது.

வார்ட்டனிலிருந்து லாரன்ஸ் வாஷிங்டன் என்பவர் தெற்கே நார்தாம்ப்டனுக்குப் போய்க் கம்பளி வியாபாரம் செய்தார். 1532இல் அந்த நகரத்துக்கே மேயர் ஆனார். அந்தச் சமயத்தில்தான் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்து நிலங்களை விற்றுக்கொண்டிருந்தார். 1539இல் லாரன்ஸ் 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ் கொடுத்து சல்கிரேவ் நிலத்தை வாங்கி வீடு கட்டினார். நீங்கள் படித்த மாளிகை அதுதான். ஆனால் இரண்டு தலைமுறைக்கு மேல் அவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. 1610 வாக்கில் வீடு கைமாறிவிட்டது.

சென்னை, வங்கி ஊழியர்: சார், வசதியான குடும்பம் எதற்காகக் கடல் கடந்து போனது?

போகும்போது அவர்கள் வசதியாக இல்லை. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சல்கிரேவ் லாரன்ஸின் கொள்ளுப்பேரன் பெயரும் லாரன்ஸ்தான். ஆக்ஸ்ஃபோர்டில் பிரேஸ்னோஸ் கல்லூரியில் இருந்தவர், பிறகு எஸ்ஸெக்ஸில் பர்லி என்ற ஊருக்குப் பாதிரியாராகப் போனார். நல்ல வருமானம் உள்ள தேவாலயம். 1642இல் அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. எஸ்ஸெக்ஸ் நாடாளுமன்றத்தின் கோட்டை. லாரன்ஸோ அரசர் பக்கம். 1643இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். சாராயக் கடையே கதி என்று கிடக்கிறார் என்பது அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டுகளில் ஒன்று. அரசர் பக்கம் நின்ற பாதிரியார்கள் பலர்மீது இப்படித்தான் எழுதினார்கள், அதனால் அதை அப்படியே நம்ப நான் தயாராக இல்லை. பிறகு ஓர் ஏழைத் தேவாலயத்தில் ஒட்டிக்கொண்டு காலம் தள்ளினார். 1653இல் இறந்தபோது பிள்ளைகளுக்கு விட்டுப்போக ஒன்றுமில்லை.

மூத்த மகன் ஜான் வணிகத்தில் இறங்கினார். 1656இல் சீ ஹார்ஸ் என்ற கப்பலில் துணை அதிகாரியாக வர்ஜீனியா போனார். புகையிலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது போட்டோமாக் ஆற்றில் கப்பல் தரைதட்டி, புயலில் மூழ்கியது. அதை மீட்டு எடுத்தார்கள் என்றாலும், ஜான் திரும்பவில்லை. அங்கே நதேனியல் போப் என்ற நிலக்காரரின் மகள் ஆன் என்பவரை மணந்தார். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். வர்ஜீனியாவில் அப்போது ஓர் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தால் 50 ஏக்கர் என்ற முறை இருந்தது. அதைப் பயன்படுத்தி ஜான் நிலத்தைப் பெருக்கினார். ஜானின் மகன் லாரன்ஸ், அவர் மகன் அகஸ்டின், அவர் மகன் ஜார்ஜ். ஆக, ஜனாதிபதிக்கு இந்த ஜான் கொள்ளுத்தாத்தா.

அதே வாசகர்: ஜார்ஜுக்கு இதெல்லாம் தெரியுமா?

அதிகம் தெரியாது. லண்டனில் குடிச்சின்னங்களைக் கவனிக்கும் தலைமை அதிகாரி ஐசக் ஹெர்ட் 1791இல் அவருக்கு எழுதி விசாரித்தார். இந்த விஷயத்தில் நான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்று ஜார்ஜ் அடுத்த ஆண்டு பதில் எழுதினார். பர்லி பாதிரியாருக்கும் வர்ஜீனியா ஜானுக்கும் உள்ள தொடர்பை ஆவணத்தோடு நிறுவியவர் ஹென்றி வாட்டர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். அது 1889இல். ஜார்ஜுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் பெயர் தொடர்ந்தது அவருடைய சகோதரர்கள் வழியாக.

சேலம் வாசகர்: அமெரிக்கக் கொடி இவர்கள் குடும்பச் சின்னத்திலிருந்து வந்ததாக ஒரு வாட்ஸ்அப் செய்தி பார்த்தேன். உண்மையா சார்?

சின்னத்தில் வெள்ளைப் பின்னணியில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் இருப்பது உண்மை. வாஷிங்டன் நகரத்தின் கொடி அதிலிருந்து எடுத்ததுதான், 1938இல் ஏற்றுக்கொண்டார்கள். நாட்டின் கொடி அப்படி வந்தது என்பதற்கு, அந்தக் கொடி உருவான 1777ஐச் சேர்ந்த எந்த ஆவணமும் ஆதாரமாக இல்லை. முன்னனுப்ப வேண்டாம்.

திருநெல்வேலி, ஆராய்ச்சி மாணவி: டென்சல் வாஷிங்டன், கெர்ரி வாஷிங்டன், பாடகி டைனா வாஷிங்டன் என்று எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர்கள். ஜார்ஜின் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியா இவர்கள்?

டைனா பிறந்தபோது வைத்த பெயர் ரூத் ஜோன்ஸ், வாஷிங்டன் மேடைப் பெயர். ஆனால் நீங்கள் கவனித்தது மிகச் சரி. 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் இந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் சுமார் 1,63,000 பேர். அவர்களில் ஏறத்தாழ 90 சதவீதம் கறுப்பினத்தவர். வாஷிங்டன் இன்று முதன்மையாக அவர்களுடைய பெயர். இந்த வரலாற்றைச் சொல்ல வருபவர்கள் சல்கிரேவ் மாளிகையோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஜார்ஜின் தோட்டத்திலிருந்து மட்டும் இத்தனை பேர் வந்திருக்க முடியாது. அவர் இறந்த 1799இல் மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர், இவர்களைத்தான் உயிலில் விடுவித்தார். டென்னசியில் இன்னொரு வாஷிங்டன் குடும்பத்தின் புகையிலைத் தோட்டம் இருந்தது. பழைய எழுத்திலேயே வெஸ்ஸிங்டன் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 1860இல் அங்கே 274 அடிமைகள். விடுதலைக்குப் பிறகு அவர்களில் பல குடும்பங்கள் வாஷிங்டன் என்ற பெயரையே வைத்துக்கொண்டன.

ஆனால் பெரும்பாலோருக்கு இது எஜமானின் பெயர் இல்லை, தாங்களே எடுத்துக்கொண்ட பெயர். அடிமைகளாக இருந்தபோதே பலர் தங்களுக்குள் ஒரு குடும்பப் பெயரை வைத்திருந்தார்கள், எஜமானர்களின் ஏடுகள்தான் அதை எழுதவில்லை. 1865க்குப் பிறகு கூலி ஒப்பந்தம், கல்யாணம், பள்ளி எல்லாவற்றுக்கும் முழுப் பெயர் தேவைப்பட்டது. புக்கர் டி. வாஷிங்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், பின்னாளில் டஸ்கிகீ கல்வி நிறுவனத்தை வளர்த்தவர். பள்ளியில் சேர்ந்த அன்று மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு பெயர் இருப்பதைக் கேட்டார். ஆசிரியர் தன்னிடம் வந்தபோது புக்கர் வாஷிங்டன் என்று நிதானமாகச் சொல்லிவிட்டார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். இந்தப் பெயரைப் பார்த்ததும் அடிமைத்தனத்தின் தழும்பு என்று சொல்லிவிடுபவர்கள், அந்தச் சிறுவன் அன்று செய்த தேர்வை அவனிடமிருந்து பறித்துவிடுகிறார்கள்.

அதே மாணவி: இந்தப் பெயர் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனதுண்டா?

உண்டு. ஹாரி வாஷிங்டன். காம்பியா ஆற்றுப் பக்கம் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, மவுண்ட் வெர்னனில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். அமெரிக்க விடுதலைப் போரின்போது, தங்களிடம் வந்து சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று ஆங்கிலேயர் அறிவித்திருந்தார்கள். 1776இல் ஹாரி தப்பித்து அவர்கள் பக்கம் போனார். போர் முடிந்ததும் 1783இல் நியூயார்க்கிலிருந்து கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பல் ஏறினார். குளிர், வறுமை, கொடுப்பதாகச் சொன்ன நிலமும் சரியாகக் கிடைக்கவில்லை. 1792இல் 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் சியரா லியோனுக்குப் போனார்கள், அவர்களில் ஹாரியும் ஒருவர். அங்கேயும் நிர்வாகக் கம்பெனி நிலவரி கேட்டது. 1800இல் அதை எதிர்த்து எழுந்தவர்களோடு நின்றதற்காக அவரை நாடு கடத்தினார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் எதற்காகப் போரிட்டாரோ அதற்காகவே ஹாரியும் வாழ்நாள் முழுக்கப் போராடினார். அவரையும் பள்ளிப் புத்தகத்தில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கும்பகோணம் வாசகர்: இங்கிலாந்தில் வாஷிங்டன் என்று இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வம்சமா ஐயா?

இல்லை. தெற்கே சஸ்ஸெக்ஸிலும் வாஷிங்டன் என்று ஒரு கிராமம் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் தொடர்பு கிடையாது. டர்ஹம் ஊரிலிருந்தே வெளியே போன சாதாரண உழவர்களுக்கும் ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கலாம். ஒரே பெயர் என்பதால் ஒரே ரத்தம் ஆகிவிடாது.

சென்னை, கிரிக்கெட் ரசிகர்: அண்ணா, நம்ம வாஷிங்டன் சுந்தர்?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன்! அவருடைய அப்பா திருவல்லிக்கேணிப் பக்கம் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குச் சீருடை, புத்தகம், பள்ளிக் கட்டணம் என்று உதவியவர் அங்கே குடியிருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர். அந்தப் பெரியவரின் பெயர் வாஷிங்டன். அந்த நன்றியை மறக்காமல் 1999இல் பிறந்த மகனுக்கு அதே பெயரை வைத்தார்.

ஓசூர் வாசகர்: இணையத்தில் குடும்பப் பெயரைச் சொன்னால் சின்னம் அச்சடித்துத் தருகிறார்களே, வாங்கலாமா?

சுவரில் மாட்ட அழகாக இருக்கும். ஆனால் இங்கிலாந்துச் சட்டப்படி சின்னம் ஒரு தனி நபருக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் உரியது. ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது.

அட்லாண்டாவில் வசிக்கும் ஓர் அம்மா: என் மருமகன் குடும்பப் பெயர் வாஷிங்டன். பேரனுக்குப் பள்ளியில் வம்சாவளி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

சம்பந்தி வீட்டுப் பெரியவர்களிடம் தொடங்குங்கள் அம்மா. யார் எந்த ஊரில் பிறந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 1950 கணக்கெடுப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போங்கள். 1890ஆம் ஆண்டு ஏடுகள் ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன, அதனால் 1900இலிருந்து நேரே 1880க்குத் தாவ வேண்டியிருக்கும். 1870தான் கடினமான இடம். விடுதலை பெற்றவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. 1860இல் அடிமைகளை எஜமானின் பெயருக்குக் கீழே, பெயர் இல்லாமல், வயது, ஆணா பெண்ணா, நிறம் என்று போட்டு எழுதியிருப்பார்கள். அந்த இடைவெளியைத் தாண்ட ஃபிரீட்மன்ஸ் வங்கியின் ஏடுகள் உதவும். விடுதலை பெற்றவர்களுக்காக 1865 முதல் 1874 வரை இயங்கிய வங்கி. கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், சில இடங்களில் பழைய எஜமானின் பெயர்கூட அவற்றில் இருக்கும். ஜார்ஜ் வாஷிங்டனோடு முடிச்சுப் போடும் அவசரம் மட்டும் வேண்டாம். 1870இல் குடும்பம் எந்த மாவட்டத்தில் இருந்தது என்று முதலில் கண்டுபிடித்து எனக்கு எழுதுங்கள், அந்த மாவட்டத்து உயில் பதிவேடுகளை எப்படித் தேடுவது என்று சொல்கிறேன்.