அப்பாவை வாழைப்பழமா கொன்றது?

கேள்வி: 71 வயதான என் அப்பா, போன மாதம் புளோக்குக்குக் கீழே நடந்துகொண்டிருந்தபோது அப்படியே சரிந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் 995ஐ அழைத்து, நெஞ்சையும் அழுத்தினார்கள். மருத்துவமனையிலும் இதயம் திரும்பவில்லை. அங்கே எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் 7.4 என்றார்கள். தினமும் பசியாறியதும் வாழைப்பழம், தேக்கா போனால் இளநீர், இரண்டும் நான் வாங்கிக் கொடுத்தவை. அவருக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்ததில்லை. என்னால்தான் போனாரா? அம்மாவுக்கும் பழத்தை நிறுத்திவிட்டேன்.
– வாசகி, ஈசூன்

பதில்: இல்லை, தங்கச்சி. அந்த நினைப்பை இன்றே விடுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்தவள் நான். இதயம் நின்று வருபவர்களிடம் இந்த எண் ஏறியிருப்பதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். உடம்பின் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 98 விழுக்காடு உயிரணுக்களுக்குள் இருக்கிறது. ரத்தத்தில் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல்தான். அதை உள்ளே பிடித்துவைக்க உயிரணுவுக்கு ஓயாமல் சக்தி வேண்டும். ரத்த ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் இல்லை, சக்தியும் இல்லை. ரத்தத்தில் அமிலமும் கூடுகிறது. உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. இதயம் நின்ற நேரம் நீள நீள எண்ணும் ஏறும். எண் மிக அதிகமாக இருப்பவர்கள் பிழைப்பது அரிதாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரு வாழைப்பழத்தில் சுமார் 400 மில்லிகிராம் இருக்கும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்தால் அது சிறுநீரோடு போய்விடும். அப்பாவின் வயதில் இதயம் திடீரென நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. மருத்துவமனையில் அறிக்கை கேட்டு வாங்கிப் படியுங்கள், உங்கள் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

பொட்டாசியமே இதயத்தை நிறுத்துவதும் உண்டு, மறைக்க மாட்டேன். டயாலிசிஸைத் தவறவிட்டவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அவர்களுக்குக் கால்சியம், அப்புறம் குளுக்கோசுடன் இன்சுலின் என்று உடனே கொடுப்போம். காரணம் தெரிந்தால் மீட்க வழி இருக்கிறது. பொட்டாசியம் மிகவும் குறைந்தாலும் இதயத் துடிப்பு தடுமாறும்.

அம்மாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு சரியாக இருந்தால் பழத்தைத் திரும்பக் கொடுங்கள். சமையலுக்குச் சோடியம் குறைந்த உப்பு வாங்குகிறீர்களா? அவற்றில் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அவர் ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரை எடுத்தாலோ, சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ, அந்த உப்பு ஆகுமா என்று பலதுறை மருந்தகத்தில் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.