பொட்டலத்தில் ஆல்ஃபா எவ்வளவு?
ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழில் பெங்களூரு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள். பாதிக்கு மேல் மைக்ரோபுருவரிகளில் வேலை பார்ப்பவர்களிடமிருந்து வந்தவை. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சுவது கர்நாடகக் கலால் சட்டப்படி குற்றம். ஆகவே கீழே வரும் அளவுகளெல்லாம் உரிமம் பெற்ற இடங்களுக்கு உரியவை.

எங்கள் 500 லிட்டர் லாகர் பீருக்கு எப்போதும் சாஸ் ரக ஹாப் போடுவோம். இந்த மாதம் சரக்கு வரவில்லை, மேக்னம் ரகம்தான் கையில் இருக்கிறது. அதே எடைக்கு அதைப் போடலாமா?
— உதவி புருவர், இந்திராநகர்

போட்டால் பாகற்காய்ச் சாறுதான் கிடைக்கும். (இந்த சாஸ் தக்காளி சாஸ் இல்லை. செக் நாட்டின் ஜாடெட்ஸ் நகருக்கு ஜெர்மன் மொழியில் அதுதான் பெயர்.)

கசப்பைத் தருவது ஹாப்பில் உள்ள ஆல்ஃபா அமிலம். பொட்டலத்தின் மேல் சதவீதமாக அச்சிட்டிருப்பார்கள். சாஸில் 3 முதல் 4.5 வரை இருக்கும், மேக்னத்தில் 12 முதல் 14 வரை போகும். ஒரே ரகத்திலேயே அறுவடைக்கு அறுவடை மாறும் என்பதால், போன வருடத்துக் குறிப்பேட்டை நம்பாமல் கையில் இருக்கும் பொட்டலத்தைப் படியுங்கள்.

கணக்கு எளிது. வேண்டிய ஐபியூவை (பீரின் கசப்பை அளக்கும் அலகு) லிட்டரால் பெருக்குங்கள். ஆல்ஃபா சதவீதத்தையும் பயன்பாட்டுச் சதவீதத்தையும் (ஆல்ஃபாவில் எவ்வளவு கசப்பாகிப் பீரில் சேர்கிறது என்பது) பெருக்கிப் பத்தால் வகுத்து, வரும் எண்ணால் அதை வகுத்தால் கிராம் கிடைக்கும். 60 நிமிடக் கொதிக்குப் பயன்பாடு 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 25 ஐபியூ வேண்டுமென்றால் 25 × 500 = 12,500. மேக்னம் 12 என்றால் 12 × 25 ÷ 10 = 30, ஆக 417 கிராம் போதும். சாஸ் 3.5 என்றால் வகுக்கும் எண் 8.75, ஆக 1,430 கிராம் வேண்டும். மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம்.

ஆனால் இது கசப்புக்கு மட்டும்தான். கடைசிப் பத்து நிமிடத்தில் மணத்துக்காகப் போடும் சாஸுக்கு மேக்னம் ஈடாகாது. கொத்தமல்லி இல்லையென்று கறிவேப்பிலையைத் தூவுவது போலாகிவிடும். அந்த இடத்துக்கு டெட்நாங் அல்லது ஹாலர்டாவ் மிட்டல்ஃப்ரூ பொருந்தும். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 500 கிராம் போடுங்கள்.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போடுகிறோம். இருந்தும் வெளிநாட்டுச் செய்முறைகளில் சொல்லும் கசப்பு வருவதே இல்லை. ஹாப் பழசா?
— கோரமங்களா

பழசாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் ஊரின் உயரத்தைப் பாருங்கள். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆல்ஃபா அமிலம் கசப்பாக மாறுவதற்குச் சூடு வேண்டும். அந்த மூன்று டிகிரி குறைந்தாலே மாறும் வேகம் ஐந்தில் ஒரு பங்கு இறங்கும். ஹாப்பை 15 சதவீதம் கூட்டுங்கள், இல்லாவிட்டால் கொதியை 75 நிமிடமாக்குங்கள். மணத்துக்கான ஹாப்பை மட்டும் கொதியில் போடாமல், அடுப்பை அணைத்து வோர்ட் (இன்னும் புளிக்காத தானியச் சாறு) 80 டிகிரிக்கு இறங்கியதும் போட்டு 20 நிமிடம் விடுவது நல்லது.

சிட்ரா ரகத்தை டிரை ஹாப் (கொதிக்க வைக்காமல் டேங்கிலேயே ஹாப் போடுவது) செய்த ஐபிஏ பீர், டேங்கில் இருந்தவரை மாம்பழ வாசனையோடு பிரமாதமாக இருந்தது. குளிர வைத்து ஒரு வாரத்தில் வெண்ணெய் வாடை அடிக்கிறது. கெக்கில் (பீர் பீப்பாயில்) நுரையும் கட்டுக்கடங்கவில்லை. கிருமியா?
— ஒயிட்ஃபீல்ட்

கிருமியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. இதைப் புருவர்கள் 'ஹாப் கிரீப்' என்பார்கள். ஹாப்பில் இயற்கையாகவே சில என்சைம்கள் உண்டு. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் பீரில் தங்கிய பெரிய சர்க்கரைகளை அவை சிறிதாக நறுக்கிக் கொடுக்க, தூங்கிய ஈஸ்ட் எழுந்து மறுபடி சாப்பிட ஆரம்பிக்கும். கேஸ் கூடும். கூடவே வெண்ணெய் வாடை தரும் டையசிட்டைலாக மாறக்கூடிய ஒரு பொருளும் பீரில் சேரும். ஈஸ்ட்டுக்கு நாலு நாள் கொடுத்தால் அந்த வெண்ணெய் வாடையைத் தானே உறிஞ்சிவிடும். நீங்கள் அவசரப்பட்டுக் குளிர வைத்ததால் ஈஸ்ட் மறுபடி தூங்கிவிட்டது, வாடை தங்கிவிட்டது.

அடுத்த முறை டிரை ஹாப் போட்ட பிறகும் டேங்கை 18 டிகிரியில் வைத்து தினமும் கிராவிட்டி (பீரின் அடர்த்தி; சர்க்கரை குறையக் குறைய இறங்கும்) பாருங்கள். 1.012-இல் நின்றிருந்தது 1.009 வரை இறங்குவது சாதாரணம். இரண்டு நாள் தொடர்ந்து அசையாமல் நின்ற பிறகு இந்தச் சோதனை: இரண்டு கிளாஸில் பீர் பிடித்து மூடுங்கள். ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் நிறுத்தி, ஆறவைத்து, இரண்டையும் மாறிமாறி முகருங்கள். சூடு காட்டியதில் மட்டும் வெண்ணெய் வந்தால் வேலை இன்னும் முடியவில்லை, பொறுங்கள். இரண்டிலும் வராவிட்டால் குளிர வைக்கலாம்.

அளவு லிட்டருக்கு 6 கிராம் போதும், 500 லிட்டருக்கு 3 கிலோ. அதற்கு மேல் கொட்டினால் மாம்பழம் கூடாது, பச்சிலைக் காறல்தான் கூடும். கேஸ் ஏறிய டேங்கில் பெல்லட்டை (குளிகையாக அழுத்திய ஹாப்பை) மொத்தமாகக் கொட்டாதீர்கள். முதலில் அழுத்தத்தை மெல்ல இறக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இல்லையென்றால் நுரை பொங்கிக் கூரையைத் தொடும்.

திறந்து வைத்த கேஸ்கேட் ரக ஹாப் பொட்டலம் சீஸ் நாற்றம் அடிக்கிறது. பயன்படுமா?
— ஃப்ரேசர் டவுன்

எறியுங்கள். காற்றுப் பட்டு ஆல்ஃபா சிதைந்ததால் வரும் நாற்றம் அது. மீதி ஹாப்பைக் காற்றை உறிஞ்சிய அலுமினியப் பையில் அடைத்து மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். மேலே தேதி எழுதுங்கள்.

மொட்டை மாடியில் ஹாப் கொடி வளர்க்க ஆசை. பெங்களூரு குளிர் போதாதா?
— அல்சூர்

குளிரை விடப் பெரிய தடை பகல் நீளம். இங்கே ஜூன் மாதத்தின் நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டாது. பகல் குறுகினால்தான் ஹாப் பூக்கும். இங்கே அதற்கு எப்போதும் குறுகிய பகல்தான் என்பதால், ஐந்தாறு மீட்டர் ஏற வேண்டிய கொடி ஆள் உயரம் வருவதற்குள் நாலைந்து பூவோடு நின்றுவிடும். இந்தியாவில் ஹாப் விளைவது இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில். பிரேசிலில் இரவில் விளக்குப் போட்டுப் பகலை நீட்டி வளர்க்கிறார்கள். உங்கள் மின்கட்டணத்தை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். வாங்குவதானால் பெண் கொடியின் கிழங்காக வாங்குங்கள். பீருக்கு உதவும் மஞ்சள் பொடி பெண் பூவில்தான் கிடைக்கும்.

காய்ச்சி முடித்த சக்கையை மாட்டுக்குக் கொடுக்கிறோம். கெட்டிலின் அடியில் தங்கும் ஹாப் சேற்றையும் அதோடு சேர்க்கலாமா?
— யெலஹங்கா

மால்ட் (முளைகட்டிய தானியம்) சக்கையை அன்றைக்கே கொடுத்துவிட்டால் மாடு விரும்பித் தின்னும், அது சரி. ஹாப் சேற்றை அதில் கலக்காமல் தனி டிரம்மில் பிடித்து, மக்கும் குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். நாய்க்கு ஹாப் விஷம். உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். இனிப்பு வாடைக்குத் தெருநாய்கள் வரும் என்பதால், டிரம்மின் மூடியை இறுக்கி வையுங்கள்.