மருந்தே பார்த்திராத குழாய்நீர்க் கிருமிக்கு மருந்தெதிர்ப்பு எப்படி வருகிறது?

மண்ணிலும் குழாய்நீரிலும் வாழும், காசநோய் சாராத மைக்கோபாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்குகளை எப்படித் தாங்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி பிறவிக்குணம். மைக்கோலிக் அமிலம் என்ற நீண்ட கொழுப்பமிலம் நிறைந்த மெழுகுச் சுவர் மருந்தை எளிதில் உள்ளே விடாது. தவிர, மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா போன்ற அண்டை உயிர்களே ஆன்டிபயாடிக் சுரப்பவை; அதனால் நம் மருந்தைப் பார்க்காமலேயே அவற்றைத் தாங்கும் தேவை இருந்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் மைக்கோபாக்டீரியம் அப்செஸ்ஸஸ் இன்னும் பொல்லாதது. அதன் எர்ம்-41 மரபணு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பட்ட பிறகே முழுவீச்சில் இயங்கி, புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் மருந்து ஒட்டவேண்டிய இடத்தை மெத்தில் என்ற சிறு வேதிக்குழுவால் மறைத்துவிடுகிறது. அதனால் 3ஆம் நாள் ஆய்வகத்தில் 'மருந்துக்குக் கட்டுப்படுகிறது' என்று தெரிந்த கிருமி, 14ஆம் நாளில் எதிர்ப்பைக் காட்டலாம். இங்கே 14 நாள் காத்திராமல் தரும் அவசர அறிக்கை நோயாளிக்குச் செய்யும் அநீதி என்பேன். ஆனால் இதன் மாசிலியன்ஸ் என்ற துணையினத்தில் இந்த மரபணு பெரும்பாலும் சிதைந்திருக்கிறது. அங்கே அதே மருந்து பெரும்பாலும் நன்றாகவே பலனளிக்கிறது.