ஸ்ரிக் மாறினாலும் பதிவேடு மாறத் தேவையில்லை

பரந்தனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கனடாவிலிருக்கும் அவருடைய அண்ணா ஊருக்கு வந்து நின்றபோது வீட்டில் ஜிக்பீ என்ற முறையில் வயரில்லாமல் பேசும் 27 கருவிகளைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். லைற் சுவிச்சுகள், பிளக்குகள், கதவு உணரிகள், கிணற்று மோட்டருக்கு ஒன்று, அம்மாவின் கட்டிலடியில் அவசரப் பொத்தான் ஒன்று. விறாந்தை அலுமாரிக்குள் ஒரு சின்னக் கணினி, அதில் வீட்டுக் கருவிகளை ஆளும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருள், அதற்குள் ஜிக்பீயைக் கவனிக்கும் இசட்.எச்.ஏ. என்ற பகுதி, பின்னால் செருகியிருப்பது கருவிகளோடு பேசும் சிசி2531 என்ற பழைய யு.எஸ்.பி. ஸ்ரிக். இப்போது பொத்தானை அழுத்தினால் சில வேளை மணி அடிப்பதில்லை. அண்ணா சிசி2652பி சிப் உள்ள புது ஸ்ரிக் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "27 கருவியையும் கழற்றி, அழித்து, முதலிலிருந்து சேர்க்க வேணும், கருவி ஒன்றுக்கு இவ்வளவு" என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். இது உண்மையா, அம்மாவின் பொத்தான் எத்தனை நாள் வேலை செய்யாமல் கிடக்கும் என்பதுதான் அவர் கேள்வி.

உண்மையில்லை. உங்கள் வீட்டில் சுவரிலிருந்து ஒரு சுவிச்சையும் கழற்றத் தேவையில்லை.

ஊரில் ஜி.எஸ். (கிராம சேவகர்) மாற்றலாகிப் போனால் சனமெல்லாம் திரும்பப் போய்ப் பதிவதில்லை. பதிவேடு புதியவர் கைக்கு மாறும், அவ்வளவுதான். ஸ்ரிக்கும் அப்படியே. அதன் பதிவேட்டில் வலையமைப்பின் இலக்கம், அது பேசும் அலைவரிசை, 128 பிட் இரகசியத் திறவுகோல், ஸ்ரிக்கின் சொந்த முகவரி, ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் ஆகியவை இருக்கும். கடைசியாகச் சொன்ன எண்ணைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்ரிக் அனுப்பும் ஒவ்வொரு செய்திக்கும் ரசீதுப் புத்தகம் போல ஓர் இலக்கம் உண்டு. முன்பு பார்த்ததைவிடக் குறைந்த இலக்கம் வந்தால், யாரோ பழைய செய்தியைத் திருடித் திரும்ப அனுப்புகிறார்கள் என்று நினைத்துக் கருவி அதை எறிந்துவிடும். திறவுகோலை மட்டும் எடுத்துப் புது ஸ்ரிக்கில் போட்டவர்களுக்கு ஒன்றுமே வேலை செய்யாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். இசட்.எச்.ஏ. எடுக்கும் காப்புப் பிரதியில் அந்த எண்ணும் சேர்ந்தே வருகிறது.

ஆகவே பழைய ஸ்ரிக் மூச்சோடு இருக்கும்போதே இசட்.எச்.ஏ. அமைப்புக்குள் போய்க் காப்புப் பிரதி எடுங்கள். அந்தக் கோப்பை உங்கள் போனில் ஒன்று, அண்ணாவிடம் ஒன்று வைத்திருங்கள். அப்புறம் புது ஸ்ரிக்கைச் செருகி, அதே இடத்தில் புது ஸ்ரிக்குக்கு மாறுவதற்கு இருக்கும் வழியைத் தெரிவு செய்யுங்கள். முடிந்ததும் பழையதைக் கழற்றி எடுத்துவிடுங்கள். ஒரே முகவரியோடு இரண்டு ஸ்ரிக்கும் ஒரே நேரம் ஓடினால், ஒரு கிராமத்துக்கு இரண்டு ஜி.எஸ். வந்த மாதிரித்தான். இதைக் காலையில் செய்யுங்கள். கரண்ட் வெட்டு அறிவித்த நாளில் வேண்டாம், மழை இருட்டிக்கொண்டு வரும் மாரி நாளிலும் வேண்டாம். இந்த வேலையைத் தொடங்க முன்பே கிணற்று மோட்டரை நிறுத்திவிடுங்கள்.

இனி அந்தக் கடைக்காரர் விடயம். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரை வீடுகளுக்குப் போய்வருகிறேன், திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றைத்தான். கருவிக்கு இவ்வளவு என்று கூலி பேசுபவருக்கு, பதிவேட்டை மாற்றலாம் என்று சொல்வதில் ஒரு லாபமும் இல்லை. அதைவிட மோசமானது, வெளிநாட்டிலிருந்து காசு வரும் வீடுகளில் பொருத்துபவர் தன் சொந்த மின்னஞ்சலில் இந்தக் கருவிகளுக்கான கணக்கைத் திறந்துவிடுவது. கடவுச்சொல் அவரிடம் இருக்கும். ஒரு பல்ப் மாற்றினாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வயது போன தாய் தகப்பன் மட்டும் இருக்கும் வீடு ஒன்றில், பொருத்தியவர் கொழும்புக்குப் போய்த் தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டார். அந்த வீட்டின் கதவு எப்போது திறந்து மூடுகிறது என்ற விபரமெல்லாம் இன்னும் அவருடைய கணக்குக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தயவுசெய்து யாரையும் வீட்டுக்குள் விட முதல் உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கையால் கணக்கைத் திறவுங்கள். வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். "அக்கா, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கடைக்காரர் சொல்வது சரியாக வரும் இடம் ஒன்று உண்டு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் இதை வாசிக்கும் வேறு பலருக்குப் பொருந்தும் என்பதால் சொல்கிறேன். கணினியும் ஸ்ரிக்கும் செய்யும் வேலையைத் தானே செய்யும், கம்பனி தன் பெயரில் விற்கும் வெள்ளை ஹப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு, அதிலிருந்து இன்னொரு கம்பனிப் பெட்டிக்கோ ஹோம் அசிஸ்டன்ட்டுக்கோ மாறும்போது பொதுவாக ஒவ்வொரு கருவியையும் திரும்பச் சேர்க்கத்தான் வேண்டும். ஜிக்பீ எல்லாருக்கும் பொதுவான தரம். கருவி உங்களுடையது, காசு உங்களுடையது, சுவர் உங்களுடையது. ஆனால் திறவுகோலைப் பெட்டி வெளியே தராது. தொழில்நுட்பத்தில் இதற்குத் தடை இல்லை. உங்கள் கணினியில் இருக்கும் இலவச மென்பொருள் சில நிமிடத்தில் செய்வதைப் பெரிய கம்பனிகள் செய்து தர மறுக்கின்றன, ஏனென்றால் நீங்கள் விட்டுப் போகக் கூடாது. பெட்டியை விற்கும்போது இதை அட்டையில் எழுதச் சொல்லிக் கேட்பாரும் இல்லை. இப்படியான பெட்டி உள்ளவர்கள் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். இரண்டு பெட்டியையும் பக்கத்தில் ஓடவிட்டு, ஒவ்வோர் அறையாக மாற்றுங்கள். அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வலையமைப்பு என்பதால் மோதல் வராது. முதலில் கரண்டில் ஓடும் பிளக்குகள், பிறகு பற்றரிக் கருவிகள். பிளக்குகள் செய்தியைக் கைமாற்றிக் கொடுப்பவை, அவை முதலில் நின்றால்தான் பற்றரிக் கருவிக்கு வழி இருக்கும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருகிறேன். புது ஸ்ரிக்கைக் கணினியில் நேரே செருக வேண்டாம். ஒரு மீற்றர் யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் வாங்கி, அலுமாரிக்கு வெளியே எடுத்து வையுங்கள். உள்ளே நீல நிறம் தெரியும் யு.எஸ்.பி. 3.0 துளைகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் இரைச்சல் போடும்; இன்டெல் நிறுவனமே 2012இல் இதை எழுதி வெளியிட்டது. பொத்தான் தவறுவதற்கு இதுவே பாதிக் காரணமாக இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்தப் பழைய ஸ்ரிக்கும் சின்ன நினைவகம் கொண்டது, 20 கருவி நேரடியாகத் தொங்கினாலே திணறும். அலைவரிசையை இந்த நாளில் மாற்றாதீர்கள், அதை இன்னொரு மாதம் பார்க்கலாம்.

மாற்றி முடிந்த உடனே எல்லாம் வடிவாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஒரு நாள் விடுங்கள். பேசாமல் நிற்கும் பிளக்கை ஒருமுறை நிறுத்தித் திரும்பப் போடுங்கள். பற்றரிக் கருவி தூங்கிக்கொண்டிருக்கும், அதன் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் விழிக்கும். ஒன்றிரண்டு அப்படியும் வராவிட்டால் பட்டியலிலிருந்து அழிக்காதீர்கள். அழிக்காமலே திரும்பச் சேர்த்தால் பழைய பெயரோடும் பழைய கட்டளைகளோடும் வந்து உட்காரும்.

அம்மாவின் பொத்தானுக்கு, எல்லாம் நன்றாகப் போனால், சில நிமிட இடைவெளிதான். இருந்தாலும் அன்றிரவுக்குக் கட்டிலடியில் கைமணி ஒன்று வையுங்கள். மாற்றிய பிறகு அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலில் படுத்தபடியே அவரையே அழுத்தச் சொல்லுங்கள். காலை, மதியம், இரவு என்று 3 நாள் தவறாமல் மணி அடித்த பிறகு கைமணியை எடுக்கலாம்.