வாசகர் கேள்விகள்: தொண்டு செய்தவரை எப்படி எழுதி வைப்பது?

எங்கள் பெரிய அத்தை முப்பது வருஷம் மகளிர் குழு நடத்தியவர். விதவைகளுக்கும் முதியோருக்கும் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தார், ரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டினார். முதலாண்டு நினைவு நாளுக்குள் சிறு மலர் ஒன்று கொண்டுவர ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

முதலில் காகிதங்களைச் சேருங்கள், பேட்டி பிறகு. ‘தன்னலமற்றவர், ஓயாத உழைப்பாளி’ என்று யாரைப் பற்றியும் எழுதிவிடலாம். எந்த வருஷம் யாருக்கு எந்த மனு எழுதினார் என்பது உங்கள் அத்தைக்கு மட்டுமே பொருந்தும். குழுவின் தீர்மான நோட்டில் தேதி, வந்தவர்கள் கையெழுத்து, பேசிய விஷயம் மூன்றும் இருக்கும். கடன் லெட்ஜரையும் பாருங்கள், ஆனால் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்பதை அச்சில் ஏற்றாதீர்கள். ஊரில் மனஸ்தாபம் வரும். வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுக்களின் நகலும் ரசீதும் அத்தை வீட்டில் இருக்காது. பயன் பெற்றவர் வீட்டில், ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் கவரில் இருக்கும். அங்கே கேளுங்கள்.

மாவட்டப் பெயர் குழப்பும். 1989 செப்டம்பர் வரை வட ஆற்காடு. அதன் பின் வட ஆற்காடு அம்பேத்கர். வேலூர் மாவட்டம் என்ற பெயர் வந்தது 1990களின் பிற்பகுதியில். ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ அவர் செய்த வேலை, 2019 பிரிப்புக்குப் பின் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களுக்குள் போய்விட்டது. காகிதத்தில் உள்ள பெயரையே அச்சிட்டு, இன்றைய பெயரைப் பக்கத்தில் போடுங்கள். தேதி அழிந்த ரசீதில் ‘அம்பேத்கர் மாவட்டம்’ என்ற முத்திரை இருந்தால் காலத்தை ஓரளவு பிடித்துவிடலாம். ஓரளவுதான், பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேயும்வரை குத்துவது ஆபீஸ் வழக்கம்.

பேட்டிக்குப் போகும்போது ‘எந்த வருஷம்?’ என்று கேட்டால் பதில் வராது. எம்.ஜி.ஆர். இறந்ததற்கு (1987) முன்பா பின்பா, ராஜீவ் காந்தி கொலைக்கு (1991) முன்பா, கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்த 2021 நவம்பரிலா என்று கேளுங்கள், தானாக வரும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுப் பதியுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும். தலைக்கு மேல் ஓடும் ஃபேனை நிறுத்தச் சொல்லுங்கள். ஒருவரிடம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

போட்டோக்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், அச்சில் முகம் மங்கும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் படத்தை இழுத்துப் பிய்க்காமல் அப்படியே ஸ்கேன் செய்வது நல்லது. படத்தின் பின்னால் பெயர் எழுத மென்மையான பென்சில் போதும். பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கத்தில் தடம் விழும்.

ஏ5 அளவு, உள்ளே 32 பக்கம், தனி அட்டை. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் நிற்கும். நூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, ஐந்நூறு என்றால் ஆப்செட். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: நீங்கள் யுனிகோடில் தட்டச்சு செய்திருப்பீர்கள், அச்சகத்தில் வேறு எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். ‘கொ’, ‘கோ’, ‘ஸ்ரீ’ போன்றவை உடையும். அதனால் மாற்றிய பிறகு, காகிதத்தில் எடுத்த பிரதியில் பிழை திருத்துங்கள். படக் குறிப்புகளை வேறொருவர் படிக்கட்டும். எழுதியவர் கண்ணுக்குப் பெயர்ப் பிழை தெரியாது.

பள்ளி அறிவிப்புப் பலகைக்கு, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் பற்றி எழுதுகிறோம். எதில் தவறு வரும்?
– ஓர் ஆசிரியை, காட்பாடி

இடங்களில். அவர் 1870ல் பிறந்தது ராணிப்பேட்டையில். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்த நிகழ்ச்சி திண்டிவனத்தில், வேலூரில் அல்ல. அப்போது அவர் டாக்டரும் அல்ல. டாக்டரான அவர் தந்தையை, ஆண் என்பதால் அந்த வீட்டார் ஏற்கவில்லை. 1899ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, 1900ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 40 படுக்கைகள் கொண்ட ஷெல் மருத்துவமனை 1902ல் வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918ல்; அங்கே ஆண்கள் சேர்ந்தது 1947ல்தான். ‘ஆரம்பத்திலிருந்தே இருபாலருக்கும்’ என்று எழுதிவிடாதீர்கள்.

அம்மா பெயரில் அரசுப் பள்ளியில் ஆண்டுப் பரிசு வைக்கலாமா?
– ஒரு வாசகர், அணைக்கட்டு

வைக்கலாம். முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ரூ. 50,000 வைப்புத்தொகைக்கு 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு ரூ. 3,250. ஆண்டுதோறும் வட்டி தரும் திட்டத்தில் போடுங்கள். முதிர்வில் மொத்தமாகத் தரும் திட்டத்தில் போட்டால் பரிசு நாளன்று கையில் பணம் இருக்காது. உங்கள் பெயரில் வேண்டாம், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் தீர்மானம் போட்டு வையுங்கள். தலைமையாசிரியர் மாறினாலும் ரசீது பள்ளி அலமாரியிலேயே இருக்கும். வட்டி குறைந்தால் பரிசுத் தொகையும் குறையும் என்பதை அந்தத் தீர்மானத்திலேயே எழுதிவிடுங்கள்.