ஸ்கோப் பொருத்தியே வரும் வேட்டை ரைஃபிளை அப்படியே நம்பலாமா?

ஆலையிலேயே ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தி, குறி சரிபார்க்கப்பட்டது என்ற சீட்டுடன் வரும் ரைஃபிளை நேரே வேட்டைக்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அந்தச் சீட்டின் பொருள் பெரும்பாலும், குழலும் ஸ்கோப்பும் ஏறத்தாழ ஒரே திசையை நோக்குகின்றன என்பது மட்டுமே; நீங்கள் வாங்கும் தோட்டா எங்கே படும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும்.

துப்பாக்கி காலியாக இருப்பதை உறுதிசெய்த பின் திருகுகளைப் பாருங்கள். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் அடித்தகட்டின் திருகுகள் பல அமைப்புகளில் ஸ்கோப்புக்கு அடியில் மறைந்திருப்பதால், சோம்பல்படாமல் அனைத்தையும் பிரித்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, தயாரிப்பாளர் குறித்துள்ள முறுக்குவிசைக்கு அதற்குரிய கருவியால் இறுக்குவதே நல்லது. கைப்பலத்தை நம்பி இறுக்கினால் ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையம் அதன் குழாயை நசுக்கிவிடக்கூடும். ஸ்கோப்பினுள் தெரியும் குறுக்குக்கோடு சாயாதிருக்க வேண்டும். கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே, பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளுக்கு உரிய 3 முதல் 4 அங்குல இடைவெளியும் வேண்டும். இல்லையேல் பின்னுதைப்பில் புருவம் கிழியும்.

பின்னர், பாதுகாப்பான சுடுதளத்தில், 25 கஜத்தில் தொடங்குங்கள். திருத்தும் குமிழின் ஒரு கிளிக்குக்கு, தோட்டா படும் இடத்தை 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும் ஸ்கோப், 25 கஜத்தில் 1/16 அங்குலமே நகர்த்தும் என்பதால், அங்கே ஓர் அங்குலத்தைத் திருத்த 16 கிளிக்குகள் தேவை. பலர் 100 கஜக் கணக்கிலேயே நான்கு கிளிக்கோடு நிறுத்திவிட்டு ஸ்கோப்பைப் பழிப்பதுண்டு. அடுத்து 100 கஜத்தில், வேட்டைக்குரிய அதே தோட்டாவால் மும்மூன்றாகச் சுட்டு, துளைகளின் நடுப்புள்ளியை வைத்துத் திருத்துங்கள். இறுக்கிய பிறகும் அந்தப் புள்ளி காரணமின்றி இடம் மாறிக்கொண்டே இருந்தால், நம்பகமான வேறொரு ஸ்கோப்பைப் பொருத்திச் சோதித்து, பழுது ஸ்கோப்பிலா ரைஃபிளிலா என்று அறிந்து, பழுதானதை உத்தரவாதக் காலத்துக்குள் திருப்பியனுப்புங்கள்.